கை கழுவச் சொன்ன மருத்துவர்

ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவில் 1784ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொது மருத்துவமனை, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் புகழ்பெற்ற மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கியது. அங்கே ஏழைப் பெண்களுக்குக் கட்டணம் வாங்காமல் பிரசவம் பார்த்தார்கள். அதற்கு ஈடாக, பயிற்சி பெறுவோர் அப்பெண்களைப் பரிசோதித்துத் தொழில் கற்றுக்கொண்டனர். மகப்பேற்றுப் பகுதி இரண்டு பிரிவுகளாக இயங்கியது. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளாக விரும்பிய பெண்களும் பயிற்சி பெற்றனர். எந்தப் பிரிவில் சேர்வது என்பதைக் கர்ப்பிணிகள் முடிவு செய்ய இயலாது. பெரும்பாலும் ஒரு நாள் முதற்பிரிவிலும் மறுநாள் இரண்டாம் பிரிவிலும் என மாறி மாறிச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆயினும், நகரத்துப் பெண்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரிந்திருந்தது. முதற்பிரிவுக்குள் போனவர்களில் பலர் உயிருடன் திரும்புவதில்லை. அங்கே சேர்க்கப்பட்ட பெண்கள், இரண்டாம் பிரிவுக்கு மாற்றிவிடும்படி அழுது மன்றாடினார்கள். சிலர் அங்கே வருவதைவிட வழியிலேயே பிள்ளை பெறுவது மேல் என்று எண்ணினார்கள். அவர்களின் அச்சத்துக்குக் காரணம் மகப்பேற்றுக் காய்ச்சல். குழந்தை பிறந்த சில நாள்களுக்குள் தாய்க்குக் கடும் காய்ச்சலும் வயிற்று வலியும் ஏற்படும். விரைவில் உயிரும் பிரிந்துவிடும். அந்த நோய் ஏன் வருகிறது என்பது அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை.

அந்தப் புதிருக்கு விடை கண்டவர் இக்னாஸ் செம்மெல்வைஸ் எனும் ஹங்கேரிய மருத்துவர். அவர் 1818ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இன்று புடாபெஸ்ட் நகரின் ஒரு பகுதியாக இருக்கும் புடாவில் பிறந்தார். அவருடைய தந்தை மளிகைப் பொருள் வணிகர். பத்துப் பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் செம்மெல்வைஸ் ஐந்தாமவர். சட்டம் படிப்பதற்காக 1837இல் வியன்னாவுக்குச் சென்றவர், அடுத்த ஆண்டே மருத்துவப் படிப்புக்கு மாறினார். 1844இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்று முதற்பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். பேராசிரியர் யோகான் கிளைன் அப்பிரிவின் தலைவராக இருந்தார்.

தினமும் காலையில் இறந்துபோன பெண்களின் உடல்களைச் சவப்பரிசோதனை செய்வதும், பிறகு நோயாளிகளைப் பார்ப்பதும், மாணவர்களுக்குக் கற்பிப்பதும் செம்மெல்வைஸின் அன்றாட வேலைகள். இளம் தாய்மார்கள் ஒருவர் பின் ஒருவராக இறப்பதைக் கண்டு அவர் மனம் கலங்கினார். மற்றவர்கள் இதை விதி என்று ஏற்றுக்கொண்டிருந்த நிலையில், அவர் மருத்துவமனையின் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்.

கணக்கு வெளிப்படையாகப் பேசியது. 1846ஆம் ஆண்டு முதற்பிரிவில் 4,010 பெண்கள் பிள்ளை பெற்றனர்; அவர்களில் 459 பேர் இறந்தனர். இது 11 விழுக்காட்டுக்கும் அதிகம். அதே ஆண்டு இரண்டாம் பிரிவில் 3,754 பெண்கள் பிள்ளை பெற்றனர். அவர்களில் இறந்தவர்கள் 105 பேர். இது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே மருத்துவமனையில், ஒரே நகரத்துப் பெண்களிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று செம்மெல்வைஸ் முடிவு செய்தார்.

அக்கால மருத்துவர்கள் பல காரணங்களைச் சொல்லி வந்தார்கள். செம்மெல்வைஸ் அவை ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார். காற்றில் பரவும் கெட்ட ஆவியே நோய்க்குக் காரணம் என்பது பலருடைய நம்பிக்கை. ஆனால், இரண்டு பிரிவுகளிலும் வீசுவது ஒரே காற்றுதானே! அப்படியானால் ஒரு பிரிவை மட்டும் நோய் தாக்குவது எப்படி? மேலும், நகரத்தில் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்களிடையே இந்நோய் இந்த அளவுக்குப் பரவவில்லை. வழியிலேயே பிள்ளை பெற்றுவிட்டு மருத்துவமனைக்கு வந்த பெண்களையும் நோய் அரிதாகவே தாக்கியது. ஆகவே, காற்று காரணமாக இருக்க முடியாது.

கூட்ட நெரிசல் காரணமாக இருக்குமோ என்று பார்த்தார். பெண்கள் முதற்பிரிவை அஞ்சி ஒதுங்கியதால், இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். உணவு காரணமோ என்றால், இரு பிரிவுகளுக்கும் ஒரே வகை உணவே வழங்கப்பட்டது. இரண்டாம் பிரிவில் பெண்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிரசவம் பார்ப்பது வழக்கம். முதற்பிரிவில் மல்லாந்து படுக்க வைப்பார்கள். செம்மெல்வைஸ் முதற்பிரிவிலும் பக்கவாட்டு முறையைப் பின்பற்றச் செய்தார். பயன் ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. சாகும் நிலையில் உள்ளவருக்கு இறுதி வழிபாடு நடத்தப் பாதிரியார் வரும்போது, அவருக்கு முன்னே ஒருவர் மணி அடித்துக்கொண்டு செல்வார். முதற்பிரிவின் அமைப்பால் அவர்கள் பல படுக்கைகளைக் கடந்தே போக வேண்டியிருந்தது. அந்த மணி ஓசையைக் கேட்ட பெண்கள் அச்சத்தால் நோயுறுகிறார்கள் என்று சிலர் கருதினார்கள். செம்மெல்வைஸ் பாதிரியாரிடம் பேசி, மணி அடிக்காமல் வேறு வழியாகச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார். அவரும் இசைந்தார். ஆனாலும், இறப்புகள் குறையவில்லை.

இவ்வாறு ஒவ்வொரு காரணமும் பொய்த்துப் போனது. எஞ்சியிருந்த வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். முதற்பிரிவில் இருந்தவர்கள் மருத்துவ மாணவர்கள். இரண்டாம் பிரிவில் இருந்தவர்கள் மருத்துவச்சிப் பயிற்சியாளர்கள். ஆனால், அந்த வேறுபாடு எவ்வாறு உயிரைப் பறிக்கும் என்பது அவருக்குப் புலப்படவில்லை.

1847ஆம் ஆண்டு மார்ச் மாதம், சிறிது ஓய்வெடுத்துக்கொள்ள வெனிஸ் நகரத்துக்குச் சென்ற செம்மெல்வைஸ், திரும்பி வந்ததும் ஒரு துயரச் செய்தியைக் கேட்டார். அவர் பெரிதும் மதித்த நண்பரான பேராசிரியர் யாக்கோப் கொல்லெட்ஷ்கா இறந்துவிட்டார். சவப்பரிசோதனை ஒன்றின்போது மாணவர் ஒருவரின் கத்தி பேராசிரியரின் விரலில் பட்டுவிட்டது. அந்தச் சிறு காயத்தால் உடல் முழுதும் நோய் பரவி, அவர் உயிரிழந்தார். துயரத்தில் ஆழ்ந்த செம்மெல்வைஸ், நண்பரின் சவப்பரிசோதனை அறிக்கையைப் படித்தார். அதைப் படித்தபோது அவர் திடுக்கிட்டார். நண்பரின் உடலில் காணப்பட்ட மாற்றங்களும் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடல்களில் காணப்பட்ட மாற்றங்களும் ஒரே மாதிரி இருந்தன.

அந்தக் கணத்தில் புதிர் அவிழ்ந்தது. கத்தியில் ஒட்டியிருந்த, சவத்திலிருந்து வந்த ஏதோ ஒரு நச்சுப் பொருள் கொல்லெட்ஷ்காவின் உடலுக்குள் நுழைந்திருக்கிறது. அதே பொருள் மருத்துவர்களின் கைகளிலும் மாணவர்களின் கைகளிலும் ஒட்டிக்கொண்டு, பிரசவ அறைக்குப் போகிறது. அவர்கள் சவப்பரிசோதனை முடிந்ததும் சவர்க்காரத்தால் கைகளைக் கழுவினாலும், சவத்தின் நாற்றம் கைகளை விட்டுப் போவதில்லை. அதே கைகளால்தான் அவர்கள் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். மருத்துவச்சிப் பயிற்சியாளர்களோ சவப்பரிசோதனை செய்வதில்லை. இரண்டாம் பிரிவின் பெண்கள் பிழைத்ததற்குக் காரணம் இதுவே.

இந்த உண்மை செம்மெல்வைஸைச் சுட்டது. ஏனெனில், மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் சவப்பரிசோதனை செய்தவர்களுள் அவரும் ஒருவர். நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அவர் செய்த வேலையே பல தாய்மார்களின் உயிரைப் பறித்திருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை. தம்மால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது தமக்கே தெரியாது என்று பிற்காலத்தில் தம் நூலில் வெளிப்படையாக எழுதினார்.

1847ஆம் ஆண்டு மே மாத நடுவில் அவர் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தார். பிரசவ அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலில் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கைகளில் உள்ள சவ நாற்றத்தை அக்கரைசல் போக்கியதால், நச்சுப் பொருளையும் அதுவே அழிக்கும் என்று அவர் எண்ணினார். சில காலம் கழித்து, விலை மலிவான குளோரின் கலந்த சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். கரைசல் கைகளை எரித்தது, சிலர் முணுமுணுத்தார்கள். செம்மெல்வைஸ் விடவில்லை. வாசலில் நின்று கண்காணித்தார்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் முதற்பிரிவில் இறப்பு விகிதம் 18 விழுக்காடாக இருந்தது. ஜூன் மாதத்தில் அது ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஜூலையில் பிள்ளை பெற்ற 250 பெண்களில் மூவர் மட்டுமே இறந்தனர். 1848ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் முதற்பிரிவில் ஒரு தாய்கூட இறக்கவில்லை. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை; புதிய கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. கை கழுவியது ஒன்றே மாற்றம்.

எனினும், இடையில் ஒரு தடுமாற்றம் ஏற்பட்டது. 1847ஆம் ஆண்டு அக்டோபரில், கருப்பையில் புற்றுநோய் முற்றிய பெண் ஒருவர் முதற்பிரிவில் சேர்க்கப்பட்டார். அவரை முதலில் பரிசோதித்துவிட்டு மருத்துவர்கள் அடுத்தடுத்த படுக்கைகளுக்குச் சென்றார்கள். ஒருவரைப் பார்த்தபின் மற்றவரைப் பார்ப்பதற்கு முன்னர் அவர்கள் குளோரின் கரைசலைப் பயன்படுத்தவில்லை. அன்று பிரசவ வலியில் இருந்த 12 பெண்களில் 11 பேர் இறந்துவிட்டனர். செம்மெல்வைஸ் இதிலிருந்து உடனே பாடம் கற்றுக்கொண்டார். சவத்திலிருந்து மட்டுமன்றி, உயிரோடு இருப்பவரின் புண்ணிலிருந்தும் நோய் பரவலாம் என்று உணர்ந்தார். ஒவ்வொரு நோயாளியையும் பரிசோதிப்பதற்கு முன்னர் கை கழுவ வேண்டும் என்று விதியை மாற்றியமைத்தார். சான்று புதிதாகக் கிடைத்தபோது தம் கருத்தைத் திருத்திக்கொள்ள அவர் தயங்கவில்லை.

இத்தனை தெளிவான வெற்றிக்குப் பிறகு மருத்துவ உலகம் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. நண்பர் ஹெப்ராவைப் போன்ற சிலர் அவருடைய கண்டுபிடிப்பை ஆதரித்து எழுதினார்கள். ஆனால், மூத்த மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தனர். நோயைக் குணப்படுத்தும் தம் கைகளே நோயைப் பரப்புகின்றன என்பதை அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்படி உயிரைக் கொல்லும் என்ற கேள்விக்கும் அப்போது விடை இல்லை. நோய்க்குக் கிருமிகள் காரணம் என்னும் கொள்கை அன்று நிறுவப்படவில்லை. 1849இல் செம்மெல்வைஸின் பணிக்காலம் முடிந்தபோது பேராசிரியர் கிளைன் அதை நீட்டிக்கவில்லை.

தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. செம்மெல்வைஸ் தம் கண்டுபிடிப்பை உடனே எழுதி வெளியிடவில்லை. எழுதுவது அவருக்குப் பிடிக்காத வேலை. அவர் பேசாமல் இருந்ததால், நண்பர்கள் அவருக்காக எழுத வேண்டியதாயிற்று. அவர்கள் எழுதியவற்றைப் படித்த பிற நாட்டு மருத்துவர்கள், சவத்திலிருந்து மட்டுமே நோய் வருகிறது என்று அவர் கூறுவதாகத் தவறாகப் புரிந்துகொண்டு, அதை மறுத்தனர். 1850இல் வியன்னா மருத்துவர் சங்கத்தில் தம் கருத்தை எடுத்துரைத்த செம்மெல்வைஸ், அதே ஆண்டு நண்பர்களிடம்கூட விடைபெறாமல் நகரத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டார். அவருக்காகப் போராடியவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம்.

சொந்த ஊருக்குத் திரும்பிய அவர், 1851 முதல் பெஸ்ட் நகரத்திலுள்ள புனித ரோக்குஸ் மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவை ஊதியம் இல்லாமல் நடத்தினார். அங்கும் அதே விதி; அங்கும் அதே பலன். ஆறு ஆண்டுகளில் அங்குப் பிள்ளை பெற்ற 933 பெண்களில் எட்டுப் பேர் மட்டுமே இந்நோயால் இறந்தனர். 1855இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியரானார். 1857இல் மரியா வெய்டன்ஹோஃபர் என்பவரை மணந்தார்.

தம் ஆய்வு முழுவதையும் விளக்கும் நூலை அவர் 1861இல்தான் வெளியிட்டார். கண்டுபிடிப்புக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ 14 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த நூலுக்காக அவர் வியன்னா மருத்துவமனையின் பழைய கணக்குகளையும் ஆராய்ந்தார். 1823ஆம் ஆண்டுக்கு முன்பு, சவப்பரிசோதனை வழியாகக் கற்பிக்கும் வழக்கம் பரவாத காலத்தில், நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே தாய்மார்கள் இறந்திருந்தார்கள். அவ்வழக்கம் வந்த பிறகே இறப்புகள் பெருகின. இது வலுவான சான்று. ஆனால், நூல் நீண்டதாகவும் குழப்பமாகவும் இருந்தது. எதிர்ப்பாளர்களைத் தாக்கும் பகுதிகள் பல பக்கங்களை நிரப்பின. அதன் பிறகு, தம்மை மறுத்த பேராசிரியர்களுக்கு அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதங்களில் அவர்களைக் கொலைகாரர்கள் என்றே குற்றஞ்சாட்டினார். தாய்மார்கள் வீணாகச் சாகிறார்களே என்ற வேதனையே அவரை அவ்வாறு எழுதச் செய்தது. ஆனால், அக்கடிதங்கள் யாருடைய மனத்தையும் மாற்றவில்லை, பகையைத்தான் வளர்த்தன.

காலப்போக்கில் அவருடைய மனநலம் குன்றியது. 1865ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் அவர் வியன்னாவில் உள்ள மனநல விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டார். இரண்டு வாரங்களில், ஆகஸ்டு 13ஆம் நாள், காயத்தில் ஏற்பட்ட தொற்று இரத்தத்தில் கலந்ததால் இறந்தார். அவருடைய நண்பர் கொல்லெட்ஷ்காவைக் கொன்றதும் அத்தகைய தொற்றுதான். அப்போது செம்மெல்வைஸுக்கு வயது 47.

அதற்கு முந்தைய நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் உடைந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டியிருந்தார். காயத்தில் சீழ் பிடிக்கவில்லை, சிறுவன் நலமடைந்தான். லூயி பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்திருந்த லிஸ்டர், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காயங்களைக் கெடுக்கின்றன என்று நம்பினார். 1879இல் பாஸ்டரே மகப்பேற்றுக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியைப் பாரிஸ் மருத்துவர்களுக்குப் படம் வரைந்து காட்டினார். செம்மெல்வைஸ் எண்களால் கண்டறிந்ததை உலகம் அதன் பின்னரே நுண்ணோக்கி வழியாகக் கண்டு ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ தாய்மார்கள் தடுத்திருக்கக்கூடிய நோயால் மடிந்துபோனார்கள்.

இன்று புடாபெஸ்ட் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் செம்மெல்வைஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கண்டுபிடிப்பு தொடர்பான ஆவணங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் மே 5ஆம் நாளைக் கைத்தூய்மை நாளாகக் கடைப்பிடிக்கிறது. மருத்துவர்களும் தாதியரும் எப்போதெல்லாம் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என்று அந்நிறுவனம் ஐந்து வேளைகளைக் குறிப்பிட்டுள்ளது. நோயாளியைத் தொடும் முன்னர், தூய்மை தேவைப்படும் சிகிச்சையைத் தொடங்கும் முன்னர், உடல் திரவங்கள் பட்ட பின்னர், நோயாளியைத் தொட்ட பின்னர், அவருக்கு அருகில் உள்ள பொருள்களைத் தொட்ட பின்னர் ஆகியவையே அந்த ஐந்து.

ஆயினும், வேலை இன்னும் முடியவில்லை. வளர்ந்த நாடுகளில்கூட மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் 100 நோயாளிகளில் ஏழு பேருக்கும், குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஏதேனும் ஒரு தொற்று ஏற்படுகிறது என உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. அதனால்தான் இன்றைய மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்புக்கெனத் தனித் தாதியர் பணியாற்றுகின்றனர். யார் எப்போது கை கழுவுகிறார்கள், எந்தப் பிரிவில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று அவர்கள் எண்ணிப் பதிவு செய்கிறார்கள். ஒரு பிரிவை மற்றொரு பிரிவோடு ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு தெரிந்தால் காரணத்தைத் தேடுகிறார்கள். கண்டறிந்ததை எல்லாருக்கும் புரியும்படி எழுதி, உடன் பணியாற்றுவோரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்கிறார்கள். முதல் மூன்று வேலைகளைச் செம்மெல்வைஸ் அவர்களுக்குக் கற்றுத் தந்தார். கடைசி வேலை எவ்வளவு முக்கியமானது என்பதை அவருடைய வாழ்க்கை கற்றுத் தந்தது.